சவரக்கத்தியின் மறுபக்கம்

மேஜைமேல் பச்சைப் பனாத்துத் துணி விரித்திருந்தது. அதன்மேல் மடக்கி வைத்த சவரக்கத்தி ஒன்று. மேஜைக்கு அந்தப் பக்கம் சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால், செருப்பில்லாத காலோடு, கைகளைக் கட்டிக்கொண்டு நாவிதர் முனுசாமி நின்றிருந்தார். இந்தப் பக்கம் நான், கையில் பூதக்கண்ணாடியோடு.

அன்று எனக்கு இருபத்தேழு வயது. பூதக்கண்ணாடி வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"இதை யாரு செஞ்சது, எத்தனை வருஷம் பழசு. ரெண்டே கேள்வி. நோடி ஹேளி, பார்த்துச் சொல்லி முடிங்க," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அவருக்குப் பாதித் தமிழ், பாதிக் கன்னடம். பெங்களூரின் தண்டுப் பக்கத்தில், அதாவது கண்டோன்மென்ட்டில், எல்லாருக்குமே அப்படித்தான்.

மழை விட்டிருந்த காலை. ஏலக்கூடத்தில் ஈரக் கோணியும் அந்துருண்டையும் கலந்த வாசனை. ஏலத்துக்கு வந்த நான்கு சுவர்க்கடிகாரங்கள் நான்கு விதமான மணி காட்டிக்கொண்டிருந்தன. நான் கத்தியைக் கையில் எடுத்து விரித்தேன்.

முனுசாமி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் அவ்வளவாக இல்லை. படித்த பிள்ளை, பார்த்தவுடன் உண்மையைச் சொல்லிவிடும் என்ற நிம்மதி இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ஒரு வாசகர் கேட்டது

இந்தப் பத்திரிகைத் தொடரில் இந்தக் கதையைச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஏலக்கூடத்தில் நான் பார்த்த பியானோக்கள், புலித்தோல்கள், பேசாத கிராமபோன்கள் என்று சிரிக்கச் சிரிக்க எழுதிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் இருந்தேன்.

கோலார் தங்கவயலிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டுவிட்டார். அவருடைய தாத்தாவின் சவரக்கத்தி ஒன்று வீட்டில் இருக்கிறதாம். அதன் கழுத்தில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, எழுத்துகளைப் பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறார். "இதைச் செய்தவர் யார்? எவ்வளவு பழையது? தங்களுக்குத் தெரியாததா?" என்று கேட்டிருக்கிறார்.

தங்களுக்குத் தெரியாததா! நல்லவர், தெரியாமல் கேட்டுவிட்டார். கடிதத்தை நாலு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அவர் அனுப்பிய தாளில் கத்தியின் ஒரு பக்கம்தான் இருந்தது.

அழுக்குதான் வயசு

நான் வேலை பார்த்த ஏலக்கூடத்துக்கு முதலாளி சபாபதி முதலியார். சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த காலம். வெள்ளைக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் ஒவ்வொரு வீடாகக் காலி செய்துகொண்டு கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுப் போகிற சாமான் முழுவதும் எங்கள் கூடத்துக்குத்தான் வரும். பங்களாவுக்குப் போய் அறை அறையாகப் பட்டியல் எழுதுவது என் வேலை. என்ன பொருள், யார் செய்தது, எந்தக் காலத்தது என்று மூன்று பத்தியில் எழுத வேண்டும்.

முதலியாருக்கு ஒரே ஒரு சட்டம். "அழுக்கைத் தொடாதே, சூசை. அழுக்குதான் வயசு. தேய்ச்சுப் பளபளன்னு பண்ணினா வாங்கறவன் நேத்து செஞ்சதுன்னு நெனப்பான்." வெள்ளித் தட்டானாலும் பித்தளை விளக்கானாலும், வந்த கோலத்திலேயே பார்த்து, வந்த கோலத்திலேயே எழுதி வைப்போம். ஒரு தடவை ஈரத்துணியால் ஒரு மைக்கூட்டைத் துடைத்துவிட்டு அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

சவரக்கத்தியைப் பார்க்கிற விதத்தைச் சாமான்களோடு வந்த பழைய விலைப்பட்டியல்களைப் புரட்டிப் புரட்டி நானே கற்றுக்கொண்டேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்தும் வைத்தேன். அலகுக்கும் பிடிக்கும் நடுவே இருக்கிற கழுத்தில் பெயர் குத்தியிருக்கும். அது செய்தவர் யார் என்று சொல்லும், வயதைச் சொல்லாது. கத்திக்குப் பேர்போன ஷெஃபீல்டு என்ற சீமை ஊரில் அப்பன், மகன், பேரன் என்று நூறு வருஷம் ஒரே பெயரைக் குத்திக்கொண்டிருந்த குடும்பங்கள் உண்டு.

வயதை வேறு இடத்தில் தேட வேண்டும். கிரீடமும் ராஜாவின் முதலெழுத்தும் இருந்தால் அந்த ராஜாவின் காலம். ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால் பழசு. ஊரோடு நாட்டின் பெயரும் இருந்தால் அவ்வளவு பழசில்லை. கடல் கடந்து போகும் சாமானில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற சட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது. பிடியை மட்டும் நம்பக் கூடாது. அலகு அறுபது வருஷம் உழைக்கும், பிடி கீழே விழுந்தால் உடையும், உடைந்தால் மாற்றுவார்கள்.

இவ்வளவும் என் கையெழுத்தில் என் நோட்டிலேயே இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சும்மா சொன்னதில்லை.

வால்டன் வீட்டு இழுப்பறை

ரிச்மண்ட் டவுனில் வால்டன் துரை என்று ஒருவர் இருந்தார். ரயில்வேயில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி ஒரு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அல்சூரிலிருந்து முனுசாமி நடந்தே போய், தினமும் அவருக்குச் சவரம் செய்துவிட்டு வருவார். வாய் கோணிப்போன மனிதருக்கு ஒரு கீறல் படாமல் சவரம் செய்வது லேசில்லை என்று அவர் மனைவி துரைசானியே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

முனுசாமிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் தெரு வழியாகத்தான் போவார். எப்போது பார்த்தாலும் முகம் கண்ணாடி மாதிரி இருக்கும், புதன்கிழமையன்று இன்னும் பளிச்சென்று இருக்கும். செவ்வாய்க்கிழமை சவரக்கடைகளுக்கு விடுமுறை. அன்று அல்சூர் ஏரிக்கரையில் நாவிதர்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சவரம் செய்துகொள்வார்கள். தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்வது அவர்களுக்குள் வழக்கமில்லை.

துரை இறந்தார். துரைசானி சீமைக்குப் புறப்பட ஏற்பாடு செய்தாள். நான் பட்டியல் எழுதப் போனேன். படுக்கையறையில், சின்னத் தோல்பெட்டிக்குள், கொம்புப் பிடி போட்ட ஒரு சவரக்கத்தி இருந்தது. "என் கணவரின் தாத்தாவுடையது, நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது," என்றாள் துரைசானி. திறந்து பார்த்தேன். ஒரு குடும்பப் பெயர், பக்கத்தில் சின்னச் சாவிப் படம், கீழே ஷெஃபீல்டு. கிரீடமும் இருந்தது. 'பெட்டியோடு சவரக்கத்தி ஒன்று' என்று எழுதிக்கொண்டேன்.

சில்லறைச் சாமான்கள் தவறிப் போகாமல் இருக்க எல்லாவற்றையும் ஏதாவது ஒரு மேஜை இழுப்பறையில் போட்டுவைப்பது எங்கள் பழக்கம். துரையின் எழுதுமேஜை இழுப்பறை ஏற்கெனவே நிறைந்திருந்தது. கத்திப்பெட்டியை மேலாக வைத்து, அழுத்தித் தள்ளி மூடினேன்.

பத்து நாள் கழித்து வண்டி கொண்டுபோய் இழுப்பறையைத் திறந்தபோது எல்லாம் இருந்தது, கத்தி மட்டும் இல்லை. நடுவில் வீட்டுக்கு வந்து போன வெளியாள் ஒருவர்தான். துரையின் பழைய கோட்டு ஒன்றைக் கொடுக்கலாம் என்று துரைசானியே முனுசாமியைக் கூப்பிட்டிருந்தாள். அவர் வந்து, கோட்டை வாங்கிக்கொண்டு, துரையின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

போலீஸ் அல்சூரில் அவர் வீட்டைச் சோதித்தது. சாமி மாடத்தில், ஒரு தகரப் பெட்டிக்குள், கொம்புப் பிடி போட்ட கத்தி ஒன்று கிடைத்தது. கழுத்தில் அதே குடும்பப் பெயர், அதே சாவி, அதே ஷெஃபீல்டு.

பெருவிரலுக்குத் தெரியும்

அந்தக் கத்திதான் பச்சைப் பனாத்தின்மேல் இருந்தது.

கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பெயர் சரி, சாவி சரி. அலகு சாணை பிடித்துப் பிடித்துத் தேய்ந்து பாதி அகலமாகியிருந்தது. கிரீடம் இருக்க வேண்டிய இடத்தில் தெளிவாக எதுவும் இல்லை, ஏதோ லேசான கோடு மட்டும் தெரிந்தது. கிரீடத்தைத் தேய்த்து அழித்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். மனம் முதலிலேயே தீர்ப்பு எழுதிவிட்டால் கண் அதற்குத் தோதாகத்தான் பார்க்கும்.

கத்தியைத் திருப்பினேன். கழுத்தின் மறுபக்கம் செம்பழுப்பாக, கெட்டியாக ஏதோ அப்பியிருந்தது. துரு என்று முடிவு கட்டினேன். சுரண்டவில்லை. முதலியார் இரண்டு அடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்," என்றார் முனுசாமி. "அது எங்கப்பாவோட கத்திங்க. பட்டாளத்துல சவரம் பண்ணிக்கிட்டிருந்தாரு. மொத ஜெர்மன் சண்டைக்குப் போன ஒரு சோல்ஜரு குடுத்துட்டுப் போனதுங்க."

"பிடி?" என்று கேட்டேன். பெரிய வக்கீல் நான்.

"பழைய பிடி ஒடஞ்சுபோச்சுங்க. சீப்பு செய்யறவருகிட்ட எருமைக் கொம்புல போட்டதுங்க இது."

"கதை நல்லா இருக்குது," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

முனுசாமி ஒரு அடி முன்னால் வந்தார். "சார், அந்தப் பக்கம் தொடச்சுப் பாருங்க சார். அங்க எழுத்து இருக்குது. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா இருவது வருஷம் தெனம் பெருவிரல் அங்கதான் இருந்துச்சு. என் வெரலுக்குத் தெரியும். ஒரே வரி, சின்னச் சின்ன எழுத்து. தொர கத்தியில அது கெடையாதுங்க. தொர கத்தியையும் நான் புடிச்சிருக்கேன்."

இரண்டு கத்தியையும் கையில் பிடித்த ஒரே மனிதர் அவர்தான். அந்த அறையில் நிபுணர் என்று யாராவது இருந்தால் அவர்தான். எனக்கு அப்போது கோபம் வந்தது. படிக்கத் தெரியாத ஆள் எனக்குப் பாடம் சொல்வதா என்ற கோபம். வேறு காரணம் எதுவும் இல்லை.

"நீ சும்மா இரு," என்றேன். என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவரை நீ என்றுதான் சொன்னேன்.

பிறகு சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, செய்தவர் இன்னார், வயது நூறு வருஷத்துக்கு மேல், பட்டியலில் உள்ள கத்தி இதுதான் என்றேன். எழுதித் தரச் சொன்னார். எழுதி, கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அன்று மிகவும் அழகாக விழுந்தது.

பிறகு துரைசானியிடம் காட்டினார்கள். அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது. கத்தியைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "சூசை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டாள்.

தோல்பெட்டி எங்கே?

நான் எழுதிக் கொடுத்த தாளால் கேள்வி முடியவில்லை. அங்கேதான் ஆரம்பித்தது. பட்டியலில் 'பெட்டியோடு' என்று இருந்ததே, அந்தத் தோல்பெட்டி எங்கே என்று ஸ்டேஷனில் முனுசாமியைக் கேட்டார்கள். இல்லாத பெட்டியை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்? இரண்டு நாள் கேட்டார்கள்.

கோர்ட்டில் அவரைப் பார்த்தபோது வலது கை முழுக்கக் கட்டுப் போட்டிருந்தது. என்ன ஆயிற்று என்று கான்ஸ்டபிளைக் கேட்டேன்.

"கதவுல மாட்டிக்கிச்சு," என்றார் அவர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

நான் நம்பினேன். நம்பினேன் என்று எழுதக் கை கூசுகிறது. நம்புவது சௌகரியமாக இருந்தது, அதனால் நம்பினேன்.

சாட்சிக் கூண்டில் கத்தியின் வயதைப் பற்றி விளக்கமாகப் பேசினேன். கூடத்துக்கு இதனால் நல்ல பெயர் என்று முதலியார் அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். முனுசாமிக்கு ஆறு மாதம் சிறை. தீர்ப்பைக் கேட்டு அவர் அழவில்லை. அவர் மனைவிதான் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து மண்ணை அள்ளி அள்ளித் தலையில் போட்டுக்கொண்டாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேறு வழியாகப் போனேன்.

துரைசானி கப்பல் ஏறிவிட்டாள். கோர்ட்டிலிருந்து கத்தி ஒரு பொட்டலமாக எங்கள் கூடத்துக்கு வந்தது. வழக்குப் பட்ட கத்தியை யார் வாங்குவார்கள்? சீட்டுக் கட்டி என் மேஜை அடியிலேயே போட்டு வைத்தேன். துரையின் எழுதுமேஜையை மல்லேஸ்வரத்துக் கணக்கு வாத்தியார் ஒருவர் ஏலத்தில் எடுத்துப் போனார்.

வாத்தியார் கொண்டுவந்தது

இரண்டு வருஷம் இருக்கும். அந்த வாத்தியார் ஒரு நாள் குடையும் துணிப்பையுமாகக் கூடத்துக்கு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம், இரண்டு தலைமுறையாக மல்லேஸ்வரத்தில் இருப்பவர்கள். பேச்சில் கன்னடம் தானாக வந்து விழும்.

"மேஜையோட இழுப்பறை சொல்ப இறுகிப் போயிருந்தது. தச்சனை விட்டு மொத்தமா வெளியில இழுத்தேன். பின்பலகைக்கும் இழுப்பறைக்கும் நடுவுல இது கிடந்தது. என் ரசீதுல இது இல்லை. இல்லாததை நான் வச்சுக்கப்படாது, பாருங்கோ." இப்படிச் சொல்லிக்கொண்டே பையிலிருந்து எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

சின்னத் தோல்பெட்டி.

திறக்காமலே தெரிந்துவிட்டது. நான் அழுத்தித் தள்ளி மூடினேனே, அந்த அழுத்தலில் பின்னால் சரிந்து விழுந்திருக்கிறது. யாரும் திருடவில்லை. அதை அங்கே போட்டவன் நான்தான்.

வாத்தியார் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு கத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். துரையின் கத்தியில் கிரீடம் பளிச்சென்று தெரிந்தது. மறுபக்கம் வெறுமையாக இருந்தது. முனுசாமியின் கத்தியைத் திருப்பினேன். அந்தச் செம்பழுப்பு அப்படியே இருந்தது.

ஒரு கிண்ணத்தில் வெந்நீர் எடுத்து, கழுத்தை அதில் நனைத்துத் தேய்த்தேன். நீர் சிவந்தது. அறை முழுவதும் மெல்லச் சந்தன வாசனை எழுந்தது.

துருவுக்கு ஏது சந்தன வாசனை? அது எண்ணெயும் சந்தனமும் குங்குமமும். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வைத்து, அதன்மேல் மறுவருஷம் வைத்து, அப்படியே இறுகிப் போனது. தேய்ந்து ஓய்ந்த அப்பன் கத்தியைச் சாமி மாடத்தில் வைத்துப் பூஜை செய்திருக்கிறார் மனிதர். திருடின கத்திக்கு எந்தத் திருடன் வருஷா வருஷம் பொட்டு வைப்பான்? எங்கள் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது. ஆனால் நான் பெங்களூரில் பிறந்து வளர்ந்தவன். எத்தனை சைக்கிளிலும் தையல் மிஷினிலும் அந்த நிறத்தைப் பார்த்திருக்கிறேன்! அழுக்குதான் வயசு என்று முதலியார் சொன்னது ஒருவிதத்தில் உண்மைதான், அந்த அழுக்கில் பல வருஷம் இருந்தது. அதை நான்தான் துரு என்று தள்ளிவிட்டேன்.

கழுவி முடித்ததும் எழுத்து வந்தது. ஒரே வரி, சின்னச் சின்ன எழுத்து. 'இங்கிலாந்து' என்று ஆங்கிலத்தில். நாட்டின் பெயர். நூறு வருஷக் கத்தியில் அது இருக்க முடியாது. முதல் ஜெர்மன் சண்டைக்கு, அதாவது முதல் உலகப் போருக்குப் போன சிப்பாயின் கையில் இருந்திருந்தால் காலம் கச்சிதமாகப் பொருந்தும். அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

தங்கவயல் வாசகருக்கு என் பதில் இதுதான். நீங்கள் அனுப்பிய தாளை வைத்து எதையும் சொல்ல மாட்டேன். கத்தியை வெந்நீரில் கழுவுங்கள். மறுபக்கத்தையும் தேய்த்து அனுப்புங்கள்.

தள்ளிப்போட்ட நாட்கள்

அன்றே ஓடிப்போய் அவர் காலில் விழுந்தேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை.

முதலியாரிடம் சொன்னேன். அவர் இரண்டு கத்தியையும் வெகுநேரம் பார்த்தார். "ஆளு வெளியில வந்துட்டானா?" என்று கேட்டார். வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது என்றேன். "அப்ப விடு. செத்த பாம்பை எதுக்கு அடிக்கறே? கூடத்துப் பேரு கெட்டுப்போகும்," என்றார். அந்தச் சப்-இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். துரைசானிக்குக் கடிதம் எழுதினேன். அவள் காலமாகிவிட்டதாக யாரோ உறவுக்காரர் பதில் போட்டார்.

மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பங்குச் சாமியார், "இதையெல்லாம் என்கிட்ட ஏம்ப்பா சொல்றே? அந்த ஆளு அல்சூர்லதானே இருக்காரு?" என்றார். மூன்று மைல் தூரம். அந்த மூன்று மைலைப் போக எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.

மரவாடி வாசல்

அல்சூரில் விசாரித்தபோது, அவர் இப்போது தொழில் செய்வதில்லை, ஒரு மரவாடியில் காவலாளி என்றார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை போனேன். வழியில் ஏரிக்கரையில் நாவிதர்கள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார்கள்.

மரவாடி கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டைமேல் தாடிக்கார மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தேன்.

"ஏலக்கடை சார்தானே?" என்றார் அவர்.

நெஞ்சு வரை தாடி, பாதி நரை. கண்ணை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. எழுந்து எனக்குக் கட்டையைக் காட்டி, "உட்காருங்க சார். டீ சொல்லட்டுங்களா?" என்றார்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். இழுப்பறை, தோல்பெட்டி, வாத்தியார், வெந்நீர், சந்தனம், எதையும் விடவில்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். உள்ளே ரம்பம் மரத்தை அறுத்துக்கொண்டிருந்தது.

"நான் கோர்ட்டுல எழுதிக் கொடுக்கறேன். தப்பு என்னோடதுன்னு. உங்க பேருல இருக்கறதை நீக்கச் சொல்லி..."

அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். பெருவிரல் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கையோடு ஒட்டிக் கிடந்தது.

"எழுதிக் குடுத்தா இது நிமிருங்களா?"

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. எனக்கு ஆறுதலும் சொல்லவில்லை. அது நியாயம்தான்.

பிறகு, தாடியைப் பற்றிக் கேட்டுவிட்டேன்.

"செவ்வாக்கிழமை யாரும் கூப்புடறதில்லீங்க. கண்ணை மூடிக்கிட்டுக் கழுத்தைக் குடுக்கணும் பாருங்க. ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவன் எதிர்ல எவன் உட்காருவான்? அவங்களையும் தப்பு சொல்ல முடியாது. பதிலுக்குப் பண்ணிவிட இந்தக் கையாலயும் ஆகாது." தாடியை இடது கையால் ஒருமுறை தடவிக்கொண்டார். "வளந்துட்டுப் போவட்டும்."

பையிலிருந்து கத்தியை எடுத்து நீட்டினேன். இடது கையால் வாங்கி, பல்லால் பிடியைக் கடித்து இழுத்து விரித்தார். இடது பெருவிரல் தடுமாறாமல் கழுத்தின் மறுபக்கத்துக்குப் போயிற்று. அங்கே நின்றது. முன்னும் பின்னும் இரண்டு தடவை நகர்ந்தது.

"இங்கதான் சார். நான் சொன்னேன்ல."

"சொன்னீங்க."

"என்னா சார் எழுதியிருக்குது? எங்கப்பாவுக்கும் தெரியாது. அந்தச் சோல்ஜரு பேரா இருக்கும்னு சொல்லுவாரு."

"இங்கிலாந்துன்னு எழுதியிருக்குது."

"அப்படின்னா?"

"வெள்ளைக்காரங்க நாட்டுப் பேரு."

அவர் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

கத்தியைத் தொடையில் வைத்து மெதுவாக மடக்கினார். என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "இதை மறுபடி சாமிகிட்ட வெக்க எனக்கு மனசு வரலீங்க. நீங்களே வெச்சுக்குங்க," என்றார்.

தெருமுனையில் ஹார்ன் சத்தம் கேட்டது. அவர் எழுந்து, கேட்டின் தாழ்ப்பாளை இடது கையால் நீக்கி, தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

"கொஞ்சம் ஓரமா நில்லுங்க சார். லாரி வருது."

நான் ஓரமாக நின்றேன்.